கார் ரிமோட் சாவி: புதுசுக்குப் பணம் கட்டுவதற்கு முன் எது கெட்டது என்று பாருங்கள்

பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. உடனே டீலருக்குப் போன் போடுகிறார்கள். அங்கிருந்து வரும் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: புதுச் சாவி, சில ஆயிரம் ராண்ட், வர நாளாகும். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் நம்மவர்கள் வீடுகளில் இப்படித் தேவையில்லாமல் மாற்றப்பட்ட சாவிகள் மேசை டிராயரில் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் கெட்டது ஒரு செல் (பட்டன் பாட்டரி), அல்லது அரை விரல்நகம் கூட இல்லாத ஒரு சுவிட்ச். சாவி முழுவதும் சாவது அபூர்வம். எந்தப் பகுதி கெட்டது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

முதலில் சாவிக்குள் என்ன இருக்கிறது என்று தெளிவாகட்டும். ஒரே கூட்டுக்குள் மூன்று தனித்தனிச் சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, கதவிலும் ஸ்டியரிங்கிலும் போட்டுத் திருப்பும் இரும்புச் சாவி. இரண்டு, இம்மொபிலைசர் சிப்: வண்டி தன் சாவியை அடையாளம் கண்டால்தான் இஞ்சினை ஓடவிடும் திருட்டுத் தடுப்பின் சாவிப் பாதி. இதற்குச் செல்லே வேண்டாம். இக்னிஷனைச் சுற்றியுள்ள காயில் (கம்பிச் சுருள்) 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் சக்தியிலேயே விழித்துத் தன் அடையாளத்தைச் சொல்லும். மூன்று, ரிமோட் போர்டு, அதாவது பொத்தான்கள் உள்ள மின்சுற்றுப் பலகை. இதுதான் செல்லில் ஓடுகிறது. நம் தென்னாப்பிரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. மூன்றும் ஒன்றை ஒன்று நம்பி இல்லை. அதனால் ரிமோட் செத்தாலும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகும். ரிமோட் அருமையாக வேலை செய்தும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். "சாவி வேலை செய்யலை" என்று மொட்டையாகச் சொன்னால் எந்தச் சாவிக்காரராலும் உதவ முடியாது. கதவு திறக்கவில்லையா, வண்டி கிளம்பவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அடுத்தது இரண்டாவது சாவி. வீட்டில் இருக்கும் ஸ்பேர் சாவியை எடுத்து அழுத்திப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சாவியில் இல்லை, வண்டியில்: ஃப்யூஸ், வண்டியின் 12 வோல்ட் பாட்டரி, சாவியின் சிக்னலைக் கேட்கும் ரிசீவர், கதவுப் பூட்டின் மோட்டார். ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் கதவின் மோட்டார்தான். சாவியைத் தொடவே வேண்டாம்.

கோளாறு வரும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். முன்பு முப்பதடி தூரத்தில் திறந்தது இப்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் திறக்கிறது என்றால் செல். லாக் வேலை செய்கிறது, அன்லாக் மட்டும் இல்லை என்றால் அந்தப் பொத்தானின் சுவிட்ச். கூட்டை அமுக்கிப் பிடித்தால் வேலை செய்கிறது என்றால் செல்லைப் பிடிக்கும் தகடு, அல்லது விட்டுப்போன சால்டர் (ஈயப் பற்று). நேற்றுவரை நன்றாக இருந்து கீழே விழுந்ததும் ஒரேயடியாகப் போய்விட்டது என்றால் அலைவரிசையை உண்டாக்கும் கிரிஸ்டல். ஊரெல்லாம் வேலை செய்து வீட்டு வாசலில் மட்டும் செய்யவில்லை என்றால் சாவியில் குறையே இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

செல்

எந்தச் செல் என்பதைக் கூட்டைத் திறந்து பழைய செல்லின் மேல் பார்த்தே வாங்குங்கள். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 அதே அகலம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்1632, சிஆர்1620 இரண்டும் 16 மில்லிமீட்டர் அகலம். 2032க்குப் பதிலாக 2025 போட்டால் உள்ளே 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. முதல் நாள் வேலை செய்யும். ஸ்பீட் ஹம்ப் ஏறி இறங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வரும். அதற்கு ஃபாயில் பேப்பர் மடித்து வைக்கிறவர்கள் உண்டு. அந்த ஃபாயில் நகர்ந்து ஷார்ட் ஆனால் செல் ஒரு மணி நேரத்தில் காலி, போர்டும் போகலாம். எல்ஐஆர்2032 என்று ஒன்று விற்கிறார்கள். அது சார்ஜ் ஏற்றும் வகை, முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும். 3 வோல்ட்டுக்குச் செய்த போர்டில் அதைப் போடாதீர்கள்.

மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புதுச் செல் சும்மா அளந்தால் 3.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பழைய செல்லும் சும்மா அளந்தால் 2.95, 3.0 என்று நல்லபடியாகவே காட்டும். காரணம், பழசானதும் செல்லின் உள் மின்தடை ஏறிவிடுகிறது. மீட்டர் மின்சாரம் எடுப்பதே இல்லை, அதனால் அதற்கு இது தெரியாது. ரிமோட் சிக்னல் அனுப்பும்போது சுமார் 10 மில்லியாம்பியர் கேட்கும். அந்த நொடியில் வோல்ட் படுத்துவிடும். ஆகவே ஒரு 270 ஓம் ரெசிஸ்டரைச் செல்லின் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே மூன்று வினாடி வைத்தபடி அளந்து பாருங்கள். 2.8க்கு மேல் நின்றால் நல்ல செல். 2.5க்குக் கீழே இறங்கினால் தூக்கிப் போடுங்கள். சாவியில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று நம்ப வேண்டாம். விளக்குக்குப் போதுகிற மின்சாரம் டிரான்ஸ்மிட்டருக்குப் போதாது.

க்ளிக்ஸ், செக்கர்ஸ் போன்ற கடைகளில் பிராண்ட் செல்லாக வாங்குங்கள். விலை சில பத்து ராண்ட்தான். வாரச் சந்தையில் அட்டையோடு பத்துப் பதினைந்தாக விற்கும் பெயர் தெரியாத செல்களில் பல, அலமாரியிலேயே வயதானவை. குழந்தைகள் விழுங்காமல் இருக்கச் சில கம்பெனிச் செல்களின் மேல் கசப்புப் பூச்சு பூசியிருக்கும். அந்தப் பூச்சு சில கூடுகளில் தகட்டுக்கும் செல்லுக்கும் நடுவே தொடர்பைக் கெடுக்கிறது. புதுச் செல் போட்டும் வேலை செய்யவில்லை என்றால், செல்லை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பிறகு கழற்றிய பழைய செல்லைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். "செத்த" செல்லும் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை எரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கூட்டைத் திறக்கும்போது ஸ்க்ரூடிரைவரை ஆழமாக நுழைக்காதீர்கள். உள்ளே நேராகப் போர்டின் மேல் போய் நிற்கும். ஓரத்தில் இருக்கும் பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் பல கூடுகள் பிளந்துகொள்ளும். ஃபோக்ஸ்வாகன் மடிப்புச் சாவியில் முதலில் இரும்புச் சாவி இருக்கும் பாதியையும் பொத்தான் இருக்கும் பாதியையும் பிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் செல் மூடி. ப்ளஸ் பக்கம் மேலா கீழா என்பதைக் கழற்றுவதற்கு முன்னாலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லை ஓரத்தில் பிடித்துப் போடுங்கள். தகடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தளர்ந்திருந்தால் நகத்தால் அரை மில்லிமீட்டர் மேலே தூக்கிவிடுங்கள். அதற்கு மேல் வளைத்தால் அடிப்பகுதி சால்டர் விட்டுவிடும்.

டர்பனில் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரீஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஈ46 என்ற தலைமுறை வண்டிகளின் சாவிகள் பலவற்றில் செல் மாற்றும் மூடியே கிடையாது. உள்ளே விஎல்2020 என்ற சார்ஜ் ஏறும் செல் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். இக்னிஷனில் சாவி இருக்கும்போது அதே காயில் வழியாகச் சார்ஜ் ஏறும். வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் அந்தச் செல் செத்துவிடும். கூட்டை ஒட்டிய கோட்டின் மேல் மெல்லிய கத்தியால் சுற்றிவர அறுத்துத் திறக்க வேண்டும். சால்டர் செய்வதற்குக் கால் ஒட்டிய விஎல்2020ஐத்தான் வைக்க வேண்டும், சிஆர்2032 கூடாது. சார்ஜ் ஏறக்கூடாத லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் போனால் அது வீங்கிக் கசியும். மாற்றியதும் கதவுகளை மூடி, இக்னிஷனை முதல் நிலைக்குத் திருப்பி உடனே அணைத்து, சாவியை வெளியே எடுத்து, அன்லாக்கை அழுத்திப் பிடித்தபடியே நடுவில் உள்ள லாக் பொத்தானை மூன்று முறை அழுத்திவிட்டு விடுங்கள். பூட்டு ஒருமுறை அடித்துத் திறந்தால் சேர்ந்துவிட்டது.

சுவிட்ச்

செல் சரி, ஒரு பொத்தான் மட்டும் பிடிவாதம் என்றால் போர்டைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, செல்லோடு சேர்த்துப் பிடித்து, சுவிட்சையே நேராக நகத்தால் அழுத்திப் பாருங்கள். வேலை செய்தால் மேலே இருக்கும் ரப்பர் பொத்தான் தேய்ந்துவிட்டது. கூடு மாற்றினால் போதும். 'க்ளிக்' சத்தமே இல்லை, அல்லது சத்தம் வந்தும் வேலை இல்லை என்றால் சுவிட்ச் போய்விட்டது. மீட்டரை ஓமில் வைத்துச் சுவிட்சின் இரண்டு காலிலும் தொட்டு அழுத்துங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பத்து, ஐம்பது என்று ஆடினால் உள்ளே கருத்துவிட்டது.

இந்தச் சுவிட்ச் எல்லா எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற சாதாரணச் சாமான். ஆனால் அளவு தவறக் கூடாது. வெர்னியர் வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். இரண்டு காலோடு 3×6 மில்லிமீட்டர், நான்கு காலோடு 4.5×4.5, 6×6 ஆகியவை அதிகம் கண்ணில் படும். உயரத்தில் அரை மில்லிமீட்டர் கூடினால் கூடு மூடும்போதே பொத்தான் அழுந்திவிடும். அது இரவு பகலாகச் சிக்னல் அனுப்பி இரண்டு நாளில் செல்லைத் தின்னும். குறைந்தால் எவ்வளவு அமுக்கினாலும் எட்டாது. உடலும் மேலே உள்ள குமிழும் சேர்ந்த மொத்த உயரம்தான் கணக்கு.

மாற்றுகிற வேலைக்கு நுனி மெல்லிய சால்டரிங் அயர்ன், 0.5 மில்லிமீட்டர் ஈயக் கம்பி, ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சும் செப்பு வலை, ட்வீசர் வேண்டும். அயர்ன் 330 டிகிரி சுற்றி இருக்கட்டும். பழைய சால்டர் ஈயமில்லாத வகையாக இருக்கும், சீக்கிரம் உருகாது. அதன் மேல் புது ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்தால் உருகும் சூடு குறையும். ஒரு பக்கக் காலில் மூன்று வினாடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கிச் சுவிட்சை இழுத்தால் போர்டின் செப்புத் தகடு பிய்ந்துவரும். பழுது பார்க்கப் போய்ச் சாவியைக் கொல்வது இந்த இடத்தில்தான். இரண்டு பக்கமும் ஈயத்தை நிறைய ஏற்றி மாறி மாறிச் சூடாக்கினால் தானாக வழுக்கிக்கொண்டு வரும். பிறகு வலையால் துடைத்து, ஆல்கஹாலில் கழுவி, புதுச் சுவிட்சின் ஒரு காலை முதலில் ஒட்டி நேராக்கிவிட்டு மற்றதை ஒட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன மின்தேக்கிகள் நகராமல் வெப்பம் தாங்கும் டேப்பால் மூடிக்கொண்டால் நிம்மதி.

அயர்ன் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். கிரே ஸ்ட்ரீட் பக்கம், இப்போதைய டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட், மைக்ரோஸ்கோப் வைத்துப் போன் போர்டு பழுது பார்க்கிறவரிடம் சுவிட்சையும் சாவியையும் கொடுத்தால் பத்து நிமிட வேலை. அவர்களுக்கு இது போன் வேலையைவிடச் சுலபம். கார் சாவி என்றதும் தயங்குவார்கள். "சுவிட்ச் மட்டும் மாத்துங்க, சிப்பைத் தொடாதீங்க" என்று சொன்னால் போதும்.

விழுந்ததும் நனைந்ததும்

கிரிஸ்டல் என்பது வெள்ளி நிறத் தகட்டுப் பெட்டிபோல் போர்டில் உட்கார்ந்திருக்கும். உள்ளே மெல்லிய குவார்ட்ஸ் தகடு. பல சாவிகளில் அதன் மேல் 13.56 என்று இருக்கும். அதை 32ஆல் பெருக்கினால் 433.92 வரும், ரிமோட்டின் அலைவரிசை அங்கிருந்துதான் பிறக்கிறது. டைல் தரையில் விழுந்தால் அந்தக் குவார்ட்ஸ் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, விளக்கும் எரியும், வண்டிக்கு மட்டும் கேட்காது. போன் கேமராவில் சாவியைக் காட்டிச் சோதிக்கலாம் என்று பரவும் யோசனை டிவி ரிமோட்டுக்குத்தான் பொருந்தும். ரேடியோ அலை கேமராவுக்குத் தெரியாது. சாவிக்காரரிடம் அலைவரிசை காட்டும் கருவி இருக்கும். அதன் மேல் வைத்து அழுத்தினால் 433.92க்குப் பக்கத்தில் எண் வர வேண்டும். எண்ணே வரவில்லை என்றால் டிரான்ஸ்மிட்டர் பேசவில்லை. தள்ளி எங்கோ காட்டினால் கிரிஸ்டலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதே எண், அதே அளவுள்ள கிரிஸ்டல் மாற்றினால் சரியாகும்.

நம் ஊரில் சாவியைக் கொல்லும் முதல் எதிரி உப்புத் தண்ணீர். நார்த் பீச்சில் அலையில் இறங்கும்போது கால்சட்டைப் பையில் சாவி, கடலுக்குள் நீளும் பாலத்தில் மீன் பிடிக்கும்போது ஈரக் கையில் சாவி. தைப்பூசக் காவடியில் மஞ்சள் தண்ணீரும் பாலும் இடுப்பில் செருகிய சாவிக்குள் இறங்குவதும் உண்டு. பால் காய்ந்தால் பொத்தானைப் பசைபோல் ஒட்டும்; உப்பு காய்ந்தால் செப்பைத் தின்னும். தண்ணீர் மட்டும் போர்டை உடனே கெடுப்பதில்லை. தண்ணீரோடு உப்பும் செல்லின் மின்சாரமும் சேரும்போதுதான் சில மணி நேரத்தில் தடங்கள் பச்சையாகி அறுந்துபோகும். எனவே முதல் வேலை, அங்கேயே, கடற்கரையிலேயே, செல்லைக் கழற்றுவது. வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்கவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் போர்டைக் குழாய்த் தண்ணீரில் அலசி உப்பை நீக்குங்கள். பிறகு பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரில் ஒரு முறை. பிறகு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான டூத் பிரஷ்ஷால் சில்லுகளின் கால்களுக்கு நடுவே தேய்த்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பது உப்பை எடுக்காது. மாவுத்தூள்தான் உள்ளே போகும். ஹேர் டிரையர் சூடு வேண்டாம், கூடு வளையும். கழுவிய பிறகும் சுவிட்சுக்குள் உப்பு தங்கியிருக்கும், அதனால் கடலில் விழுந்த சாவிக்குச் சுவிட்சுகளை மாற்றிவிடுவதே நல்லது. ரிமோட் போர்டு பிழைக்காவிட்டாலும் சிப் பிழைத்திருக்கும். பல சாவிகளில் அது தனியாகக் கண்ணாடிக் குழலுக்குள்ளோ கருப்புக் கட்டிக்குள்ளோ மூடப்பட்டிருக்கிறது. அந்த வண்டி ஸ்டார்ட் ஆகும்.

வீட்டு வாசலில் மட்டும் வேலை செய்யாத சாவி

433.92ஐக் கார் சாவி மட்டும் பயன்படுத்துவதில்லை. கேட் மோட்டார் ரிமோட், அலாரத்தின் கம்பியில்லா சென்சார், வானிலைக் கருவி எல்லாம் அதே இடத்தில்தான் பேசுகின்றன. பக்கத்து வீட்டு கேட் ரிமோட்டின் பொத்தான் ஒன்று சோபாவுக்கு அடியில் அழுந்திக் கிடந்தால் போதும், அந்தச் சுற்று வட்டாரத்தில் உங்கள் சாவி ஊமை. வண்டியைத் தெருமுனைக்கு ஓட்டிப்போய் அழுத்திப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் சாவிக்கு வைத்தியம் வேண்டாம். வீட்டிலுள்ள ரிமோட்டுகளின் செல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், பிறகு பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

இதையேதான் திருடர்களும் செய்கிறார்கள். மால் பார்க்கிங்கில், கடற்கரையில், கோவில் திருவிழாவுக்கு அம்கேனி சாலையில் வண்டிகள் நெருக்கி நிற்கும்போது, ஒருவன் ஒரு சாதாரண கேட் ரிமோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் நீங்கள் அழுத்தும் லாக் வண்டிக்குக் கேட்காது. நீங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவீர்கள். உடைத்த அடையாளம் இல்லாத திருட்டுக்குப் பணம் தர மறுக்கும் நிபந்தனை சில இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் இருக்கிறது. உங்கள் பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். லாக் அழுத்தியதும் கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும். இண்டிகேட்டர் மின்னியது, சத்தம் கேட்டது என்பதெல்லாம் பக்கத்து வண்டியாகவும் இருக்கலாம். ரிமோட் திடீரென ஒரு பார்க்கிங்கில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் செல் போச்சு என்று முடிவு கட்டாமல் இரும்புச் சாவியால் பூட்டுங்கள், அல்லது வேறிடத்தில் நிறுத்துங்கள்.

செல் மாற்றிய பிறகு, அல்லது குழந்தை பொத்தானை அழுத்தி விளையாடிய பிறகு ரிமோட் வேலை செய்யாமல் போவதற்கு வேறொரு காரணம் உண்டு. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சாவி ஒரு புதுக் குறியீட்டை அனுப்புகிறது. பழைய குறியீட்டை ஒருவன் பதிவு செய்து திரும்ப அனுப்பினால் வண்டி ஏற்காது. இந்த முறையில் உலகமெங்கும் பரவிய கீலாக் நம் நாட்டில் பிறந்தது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கிடியோன் கூன் வடிவமைத்து, நானோடெக் கம்பெனியில் வில்லெம் ஸ்மிட் சில்லாக்கினார். 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் அதை வாங்கியது. கேட் மோட்டார்களிலும் பிறகு தனியாக வாங்கிப் பொருத்தும் கார் அலாரங்களிலும் அதன் எச்சிஎஸ் வரிசைச் சில்லுகள் ஏராளம். அதில் ரிசீவரும் சாவியும் தனித்தனியாக எண்ணிக்கொண்டே வருகின்றன. சாவி 16 எண்ணுக்குள் முன்னே போயிருந்தால் ரிசீவர் அப்படியே ஏற்கும். அதற்கு மேல் போயிருந்தால் அடுத்தடுத்து இரண்டு அழுத்தம் கேட்டு, இரண்டும் வரிசையாக இருந்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆகவே முதல் முறை திறக்கவில்லை என்றால் வண்டிக்குப் பக்கத்தில் நின்று நிதானமாக இரண்டு முறை அழுத்துங்கள். மற்ற கம்பெனிகளின் முறைகளில் எண்கள் வேறு. சிலவற்றுக்கு இரும்புச் சாவியால் கதவைத் திறந்து இக்னிஷன் போட வேண்டும். உங்கள் வண்டிக் கையேட்டில் அது ஒரு பத்திதான் இருக்கும்.

கூடு மாற்றுதல்

உடைந்த கூட்டுக்குப் புதுக் கூடு மட்டும் வாங்கிப் பழைய உள்ளுறுப்புகளை மாற்றுவது எல்லாரும் செய்யலாம். ஆனால் இதில்தான் சிப் தொலைகிறது. போர்டையும் இரும்புச் சாவியையும் மாற்றிவிட்டுப் பழைய கூட்டைக் குப்பையில் போட்டால், ரிமோட் வேலை செய்யும், இக்னிஷன் திரும்பும், இஞ்சின் ஓடாது. ஃபோக்ஸ்வாகனில் ஒன்றிரண்டு வினாடி ஓடி அணையும். மற்ற பலவற்றில் செல்ஃப் அடிக்கும், பிடிக்காது; டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருக்கும். காரணம், சிப் பழைய கூட்டின் பள்ளத்தில் பசையோடு ஒட்டிக் குப்பைக்கூடையில் கிடக்கிறது. ஆகவே புதுக் கூட்டோடு வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கும்வரை பழைய கூடு உங்கள் கையில் இருக்க வேண்டும். கண்ணாடிச் சிப்பைக் குறடால் பிடிக்காதீர்கள். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, அதைத் தொடாமல் விடுவிக்க வேண்டும். ஹியுண்டாய் போன்ற சிலவற்றிலும் பட்டன் ஸ்டார்ட் சாவிகளிலும் சிப் போர்டிலேயே இருக்கும்; அங்கே இந்தக் கவலை இல்லை.

மடிப்புச் சாவியில் இரும்புச் சாவியைப் பிடித்திருக்கும் சின்ன ஊசியை, அதைவிடக் கொஞ்சம் மெல்லிய பஞ்ச் என்ற இரும்புக் குச்சியால் தட்டி எடுத்து, உங்கள் பழைய இரும்புச் சாவியையே புதுக் கூட்டில் பொருத்துங்கள். புதிதாக வெட்டினால் வெட்டுக்கூலியும் பூட்டில் தேய்மானமும். ஸ்பிரிங்கை ஒரு சுற்றிலிருந்து ஒன்றரைச் சுற்று முறுக்கி மூடினால் சாவி துள்ளி வெளியே வரும். அதற்கு மேல் முறுக்கினால் சீக்கிரம் உடையும்.

புதுச் சாவிதான் என்றால்

இணையத்தில் மலிவாகப் பார்த்து வாங்குவதற்கு முன் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்கும் அதே வடிவச் சாவிகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். சிப் பதிவாகும், இஞ்சின் ஓடும், பொத்தான் மட்டும் என்றைக்கும் வேலை செய்யாது. நம் வண்டியின் ரிசீவர் 433இல் காது வைத்திருக்கிறது. சிப் வகையும் பொருந்த வேண்டும். டொயோட்டாவின் சாதாரணச் சாவிகளில் இரும்பின் கழுத்தில் ஜி அல்லது எச் என்று பொறித்திருக்கும். அது சிப்பின் தலைமுறை. ஒன்றுக்கு மற்றது ஆகாது. இன்னொரு வண்டியில் பதிந்த பழைய சாவியை வாங்கும்போது கவனம்: பல வகைச் சிப்கள் ஒருமுறை பதிந்ததும் பூட்டிக்கொள்ளும், வேறு வண்டி ஏற்காது.

வேலை செய்யும் ஒரு சாவியாவது கையில் இருக்கும்போது இரண்டாவது சாவி போடுவதும், எல்லாச் சாவியும் தொலைந்த பிறகு போடுவதும் வேறு வேறு வேலைகள். முதலாவதில் சாவிக்காரர் உங்கள் சாவியை வைத்துக்கொண்டு வண்டியின் கணினியோடு பேசும் ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகிச் சேர்த்துவிடுவார், பல மாடல்களில் அரை மணி நேரம். இரண்டாவதில் வண்டியின் ரகசிய எண் (பின் நம்பர்) வேண்டும், பூட்டிலிருந்து வெட்டு எடுக்க வேண்டும், சிலவற்றில் இம்மொபிலைசர் பெட்டியையே கழற்றி உள்ளே எழுத வேண்டும், வண்டியை டோ செய்யவும் நேரலாம். பழைய வண்டி வாங்கி ஒரே சாவியோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த மாதமே இரண்டாவதைப் போட்டுவிடுங்கள். புது வண்டியோடு வரும் சின்னத் தகட்டில் இருக்கும் சாவி நம்பரைச் சாவி வளையத்தில் மாட்டாமல் வீட்டில் பத்திரமாக வையுங்கள். இன்ஷூரன்ஸில் சாவி இழப்புக்கென்று தனித் தொகை இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். பலருக்கு இருக்கிறது, கேட்காததால் கிடைப்பதில்லை.

இரண்டு வண்டிச் சாவிகளை ஒரே வளையத்தில் போடாதீர்கள். இரண்டு சிப்பும் ஒரே காயிலுக்குப் பக்கத்தில் சேர்ந்து பதில் சொன்னால் வண்டி குழம்பி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

பட்டன் ஸ்டார்ட் சாவியில் செல் முழுக்கச் செத்தாலும் வழி உண்டு. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறங்கள். சில வண்டிகளில் துவாரம் கைப்பிடியின் மூடிக்குள் இருக்கும். டொயோட்டாவில் பிரேக்கை மிதித்து, சாவியின் சின்னம் உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் தொட்டுவிட்டு அழுத்த வேண்டும். ஹியுண்டாயில் சாவியாலேயே பட்டனை அழுத்தலாம். ஃபோக்ஸ்வாகனில் ஸ்டியரிங் கம்பத்தில் குறியிட்ட இடத்தில் வைக்க வேண்டும். இந்தச் சாவிகளை டிவி, மைக்ரோவேவ், போன் சார்ஜர் பக்கத்தில் வைத்தால் அலைகளைக் கேட்டுக்கேட்டு விழித்து, செல் சீக்கிரம் காலியாகும். கராஜ் சுவருக்கு மறுபக்கம் சாவி தொங்கினாலும் வண்டியும் சாவியும் இரவெல்லாம் பேசிக்கொண்டு இரண்டு பாட்டரியும் இறங்கும். டொயோட்டாவின் பல மாடல்களில் லாக்கை அழுத்திப் பிடித்தபடி அன்லாக்கை இரண்டு முறை அழுத்தினால் விளக்கு நான்கு முறை மின்னிச் சாவி தூங்கிவிடும். ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழிக்கும். வெளியூர் போகும்போது வீட்டில் விட்டுப்போகும் சாவிக்கு இது நல்லது; வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை நீட்டி வண்டியைத் திருடும் வழியும் அடைபடும்.

சாவி தொலைந்தது என்றால் புதுசு சேர்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சாவிக்காரரிடம், வண்டியின் நினைவில் எத்தனை சாவிகள் பதிந்திருக்கின்றன என்று கருவியில் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அழித்து, கையில் இருப்பவற்றை மட்டும் மறுபடி பதியச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிய அன்றும் இதே வேலை. இரண்டு சாவி கையில் வாங்கி, கருவியில் மூன்று என்று காட்டினால், அந்த மூன்றாவது யாரிடமோ இருக்கிறது. அழித்த சாவியால் இஞ்சின் ஓடாது, ஆனால் அதன் இரும்பு கதவைத் திறக்கும். சாவியோடு வீட்டு விலாசமும் போயிருந்தால் கதவுப் பூட்டில் சாவி நுழையும் பாரலையும் மாற்றிவிடுங்கள்.